காற்று நிற்காத பந்து

கயல்,

இதை நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பேச வருகிற நேரத்தில் உன் காதில் ஹெட்போன் இருக்கிறது. அது இல்லாத நேரத்தில் அப்பா ஹாலில் இருக்கிறார். அவரும் இல்லாத நேரத்தில் எனக்குத் தைரியம் இருப்பதில்லை. அதனால் தலைவலி என்று சொல்லி ஸ்கூலில் அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்து, நீ பிசியோதெரபிக்குப் போயிருக்கிற இந்த நேரத்தில் எழுதுகிறேன். தலைவலி பொய்யில்லை. திங்கட்கிழமை கோயம்புத்தூர் காலேஜில் உனக்கு செலக்‌ஷன். அங்கே ஓடிக் காட்டினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட், ஹாஸ்டல், எல்லாம். அப்பா ரயில் டிக்கெட் எடுத்து, பீர்க்கன்கரணையில் பாதிப் பேருக்குச் சொல்லியும் முடித்துவிட்டார். நீ போக விரும்புகிறாயா என்று மட்டும் இந்த வீட்டில் இன்னும் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேராகக் கேட்க வரவில்லை, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

பந்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ எட்டாவது படிக்கும்போது ஸ்கூல் டீமில் சேர்ந்ததும் அப்பா வாங்கிக்கொண்டு வந்தாரே, அந்த வெள்ளையும் நீலமுமான பந்து. வாங்கி வந்தவர் அவர், உதைத்தவள் நீ, காற்று அடிப்பது மட்டும் எப்படியோ என் வேலை ஆகிவிட்டது. துணி மடிப்பது, கேஸ் புக் பண்ணுவது, தண்ணீர் கேன் சொல்வது, பந்துக்குக் காற்று அடிப்பது. யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் மறுக்கவில்லை, அப்படியே ஒட்டிக்கொண்டது. காலையில் இட்லித் தட்டை குக்கரில் வைத்துவிட்டு, அது வேகிற நேரத்தில் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து பம்ப் அடிப்பேன். நீ ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "மா, கல்லு மாதிரி அடிக்காத, தலையில வாங்குறது நானு" என்பாய். எனக்கு அப்போதெல்லாம் கல்லு மாதிரி இருந்தால்தான் வேலை முடிந்த மாதிரி இருக்கும். வால்வுக்குப் பக்கத்திலேயே எவ்வளவு காற்று என்று அச்சடித்திருக்கிறது என்பதை நீ காட்டித்தான் பார்த்தேன். கெமிஸ்ட்ரி படித்தவள், பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள், பாட்டிலில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படிக்காமல் எதையும் தொடாதே என்று பிள்ளைகளிடம் நாள் முழுக்கக் கத்துகிறவள். வீட்டுக்கு வந்தால் எனக்கு ஒன்றும் கண்ணில் படுவதில்லை.

ஊசியை உலர்ந்தபடி சொருகக் கூடாது என்றும் பழகப் பழகத்தான் தெரிந்தது. எச்சில் தொட்டாவது நனைக்க வேண்டும், நேராக இறக்க வேண்டும், ஆட்டக் கூடாது. தேங்காய் எண்ணெய் தொடாதே. நம் வீட்டில் கதவுக் கீலுக்கும் அதுதான், கால் வெடிப்புக்கும் அதுதான் என்பதால் கை தானாக அந்தப் பாட்டிலுக்குப் போகும். ரப்பர் ஊறிப் போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் கிளிசரின் கேட்டால் சின்ன பாட்டிலில் தருவார்கள், ஒரு சொட்டு போதும். வெயில் காலத்தில் பந்தை வெயில் படுகிற இடத்தில் போட்டு வைக்காதே, உள்ளே இருக்கிற காற்று சூடாகிப் பந்து விம்மிவிடும். அதைப் பார்த்து நாம் கொஞ்சம் இறக்கிவிடுவோம், மறுநாள் விடியற்காலையில் பார்த்தால் தொளதொளவென்று இருக்கும். ஓட்டை என்று பயப்படுவோம். ஓட்டை இருக்காது. இதையெல்லாம் ஹாஸ்டலில் உனக்கு யாரும் சொல்ல மாட்டார்கள் என்று எழுதுகிறேன். பார், நீ போவாயா என்று கேட்க வந்தவள், நீ போய்விட்டதாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டில் எல்லோரும் உனக்குச் செய்தது இதுதான்.

நிஜமாகவே ஓட்டை விழுந்தது ஒரே ஒரு தடவை. போன ஆயுத பூஜை. ஸ்கூட்டர், மிக்சி, என் தையல் மெஷின், உன் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த அப்பா, பந்தின் முன்னால் நின்று யோசித்தார். "இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?" என்றார். நீ சிரித்துக்கொண்டே, "வால்வு இருக்குற பக்கம்தான்பா மூஞ்சி. அது வழியாத்தானே மூச்சு விடுது" என்றாய். அவர் நிஜமாக எடுத்துக்கொண்டு வால்வின் மேலேயே குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். அன்று முழுக்கப் பந்தைத் தொடக் கூடாது என்று வேறு உத்தரவு. மறுநாள் காலை அவசரத்தில் நான் துடைக்காமல் கொள்ளாமல் ஊசியை இறக்கினேன். காய்ந்த சந்தனம் முழுக்க உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் அடித்த காற்று அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? பாத்ரூமில் நீல பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்து, பந்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். பந்து கையை விட்டு நழுவி நழுவி மேலே வந்தது. "அமுக்குங்கப்பா, உங்களுக்குத்தான் தொப்பை இருக்குல்ல, அத வச்சு அமுக்குங்க" என்றாய். வால்விலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்ததும் அப்பா, "தோ பாரு, தோ பாரு, சாமி மூச்சு விடுறாரு" என்று கத்தினார். கிளிசரின் தொட்ட ஊசியை மெதுவாக இறக்கி எடுத்து, துடைத்து, மறுபடி இறக்கி எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் ஊசி முனையில் மஞ்சளாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பக்கெட்டில் அமுக்கினால் ஒரு குமிழிகூட இல்லை. நாம் மூன்று பேரும் ஒரே வேலையைச் சேர்ந்து செய்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

அப்புறம் பொங்கல் லீவில் கீழ்க்கட்டளை மேட்ச். நான் கோட்டுக்கு வெளியே உன் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் உன்னை இடிக்கவில்லை. பந்தைத் தடுத்துத் திரும்பினாய், கால் தரையிலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. நீ அலறவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடினாய். அந்த முகத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. தசைநார் முழுதாக அறுபடவில்லை, ஆபரேஷன் வேண்டாம், ஓய்வும் பயிற்சியும் போதும் என்று டாக்டர் சொன்னபோது அப்பா ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கையெடுத்துக் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை. எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

பரீட்சை எழுதினாய், ரிசல்ட் வந்தது. மே மாதம் பிசியோதெரபிஸ்ட், "இனிமே தைரியமா ஓடலாம், பந்தும் உதைக்கலாம்" என்றார். ஜூனில், பழைய சர்ட்டிஃபிகேட்டுகளைப் பார்த்துக் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டார்கள். உங்கள் கோச் வீட்டுக்கே வந்து, "கயல், தினம் காலைல கிரவுண்டுக்கு வந்துடு, நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீயும் தலையை ஆட்டினாய். முதல் நாள் விடியற்காலையில் ஷூ போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாய். "மா, பந்துல காத்து இல்ல." அடித்துக் கொடுத்தேன். "லேட்டாயிடுச்சுமா, நாளைக்குப் போறேன்." மறுநாளும் தொளதொளவென்றுதான் இருந்தது. அதற்கு மறுநாளும்.

எனக்கு அப்போது என்ன தெரியும்? சந்தனம் என்றுதான் நினைத்தேன். உள்ளே ஒரு துளி எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்து இப்போது வேலையைக் காட்டுகிறது என்று. மறுபடி பக்கெட், மறுபடி கிளிசரின். பந்தை இஞ்ச் இஞ்சாகத் திருப்பி, தையல் ஓரமெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. இராத்திரி அடித்துவிட்டுப் படுத்தால் கட்டை விரலால் அமுக்கினாலும் அசையாது. காலையில் எழுந்தால் புளித்த மாவு மாதிரி குழிந்திருக்கும். ஸ்கூலில் பிள்ளைகளின் டெஸ்ட் ட்யூபைக் கழுவிக்கொண்டே இதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பேன். அப்பா அவர் பங்குக்கு, "நீ அடிக்கிற அழகு அப்படி. ஊசிய ஆட்டி ஆட்டி வால்வையே லூஸ் பண்ணி வச்சிருக்க" என்றார். "அப்ப நீங்களே அடிங்க." "எனக்கு ஷிஃப்ட்டுக்கு பஸ் வந்துடும்." "பஸ்ஸு மட்டும் உங்களுக்கு டைமுக்கு வந்துடும்." நீ அறையில் இருந்தாய். கேட்டிருப்பாய். வேறு பந்து வாங்கித் தருகிறேன் என்று அவர் சொன்னதற்கு, "வேணாம்பா, அந்தப் பந்துதான் கால்ல பழகியிருக்கு" என்று உள்ளேயிருந்தே சொன்னாய்.

அப்புறம்தான் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஸ்போர்ட்ஸ் கடையில் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உனக்குத் தெரியும். உன் முகம் வாடியது, பந்து இல்லாமல் பிராக்டிஸ் போய்விடுமே என்ற கவலை என்று எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் காற்று அடித்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு, "ரெண்டு நாள் கெடக்கட்டும்கா, பாத்துட்டு சொல்றேன்" என்றார். இரண்டு நாள் கழித்து ஸ்கூல் விட்டு அப்படியே போனேன். பந்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இன்னாக்கா, கல்லு மாதிரி கீது. இதுக்குப் போயி இன்னா ரிப்பேர் பண்ண சொல்றே?"

"இல்லங்க, வீட்ல நிக்கவே மாட்டேங்குது. நைட் அடிச்சா காலைல இல்ல."

"வச்ச எடத்துல வச்ச மாதிரியே கீது. நான் தொடக்கூட இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "வூட்டுல பூனை எதுனா கீதா, காத்து குடிக்கிற பூனை?"

கடையில் நின்றிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பந்தை மடியில் வைத்துக்கொண்டு தாம்பரம் வரைக்கும் பஸ்ஸில் வந்தேன், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பெருங்களத்தூர் தாண்டுகிற வரைக்கும் எனக்கு அது உறைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "பையனுக்காம்மா?" என்று பந்தைக் காட்டிக் கேட்டார். "இல்லங்க, பொண்ணுக்கு" என்றேன். சொல்லி வாயை மூடும்போதுதான், கடையில் நிற்கிற காற்று நம் வீட்டில் மட்டும் ஏன் நிற்பதில்லை என்பது சுரீரென்று உறைத்தது. நான் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வந்தேன்.

அப்போதும் நம்பவில்லை. என் பெண் அப்படிச் செய்ய மாட்டாள் என்றுதான் மனது சொல்லிக்கொண்டிருந்தது. பந்தை வழக்கம்போல ஷூ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "சரி பண்ணிட்டாங்க" என்று உன்னிடம் சொன்னேன். "ஓ" என்றாய். விடிகிற நேரத்தில் மோட்டார் போட எழுந்து வந்தபோது சமையலறைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். நீ வாசல் கதவோரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாய். பந்து மடியில். ஊசியை வாயில் வைத்து நனைத்தாய். நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே நேராக, ஆட்டாமல் இறக்கினாய். காற்று வெளியே வருகிற சத்தம் கேட்காமல் இருக்க மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டாய். குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் என் மேல் சாய்ந்துகொள்வாயே, அப்படி அந்தப் பந்தின் மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாய். நான் மோட்டார் போடாமலே போய்ப் படுத்துக்கொண்டேன். அன்றைக்குத் தண்ணீர் இல்லை என்று அப்பா கத்தினாரே, அதற்குக் காரணம் அதுதான்.

கோபம் வரவில்லை, கயல். கோபப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டும். இத்தனை நாள் பக்கெட்டையும் சோப்பையும் தூக்கிக்கொண்டு அலைந்தேனே என்று ஒரு அலுப்பு மட்டும் இருந்தது. அது போன பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல உனக்கு இந்த வீட்டில் எங்கே இடம் இருந்தது? அப்பாவிடம் சொல்ல முடியாது. தெரு முனைக் கடையில் பால் வாங்கப் போனால், "என்ன சார், பொண்ணு கோயம்புத்தூராமே" என்று கேட்டு அவர் முகம் மலர்வதை நீயும் பார்த்திருக்கிறாய். கோச்சிடம் சொல்ல முடியாது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தினமும் காலையில் உன் எதிரில் உட்கார்ந்து மூச்சு வாங்கப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தேன். அப்படி அடிக்கிறவளிடம் எந்தப் பெண் வேண்டாம் என்று சொல்வாள்?

இப்போது கடைசியில் எழுதுகிறேன் என்றேனே, அது. ஆஸ்பத்திரி வராண்டாவில் அப்பா கும்பிட்டபோது எனக்குள் ஓடியது என்ன தெரியுமா? இதோடு விட்டுவிடுவாள் என்று. நிம்மதி. அப்புறம் ஒவ்வொரு நாளும் காலையில் பந்து குழிந்திருப்பதைப் பார்க்கும்போது சலித்துக்கொண்டேனே, அந்தச் சலிப்புக்கு அடியிலும் அதே நிம்மதிதான். இன்றைக்கும் கிரவுண்ட் இல்லை, இன்றைக்கும் முழங்கால் பத்திரம். நீ துண்டு போட்டு மூடிக் காற்றை இறக்கியதைப் பார்த்த அன்றைக்கும் முதலில் வந்தது அதுதான். அது வந்ததும் எனக்கே பயமாகிவிட்டது. உன்னிடம் பேசாமல் இந்த ஒரு வாரத்தை ஓட்டியதற்குக் காரணம் ஹெட்போன் இல்லை, அப்பாவும் இல்லை. பேசாமல் இருந்தால் திங்கட்கிழமை தானாகவே கடந்து போய்விடும், நான் எதுவும் செய்ததாக ஆகாது என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அது நல்லதில்லை என்று தெரிந்துதான் இன்றைக்கு லீவு போட்டேன்.

எனக்கு ஒன்று புரியவில்லை, உனக்கும் புரியாமல் இருக்கலாம். ஆட்டமே பிடிக்காமல் போய்விட்டதா, இல்லை, ஆட்டம் பிடித்திருக்கிறது, மறுபடி அப்படி விழுவோமோ என்று பயமாக இருக்கிறதா? வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. இரண்டுக்கும் பந்தில் காற்று இருக்காது. ஆனால் பிடிக்காமல் போனது என்றால் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிட்டு தாம்பரத்திலேயே ஏதாவது காலேஜில் பி.காம். சேர்ந்துகொள்ளலாம், வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. பயம் என்றால் அதைப் பயம் என்று பெயர் சொல்லி பிசியோதெரபிஸ்ட்டிடமும் கோச்சிடமும் சொல்ல வேண்டும். அதற்கும் ஏதாவது வழி வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் இந்த வருஷம் வேண்டாம் என்றாவது சொல்வார்கள். எதுவுமே சொல்லாமல் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே இருந்தால், பத்து வருஷம் கழித்து உனக்கே தெரியாது, நீ விட்டாயா, அது உன்னை விட்டதா என்று. எனக்கு அப்படி விட்டுப்போனவை சில இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன்னால் எம்.எஸ்ஸி. அப்ளிகேஷன் வாங்கி வைத்திருந்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் வேண்டும் என்று சொல்லவில்லை. கடைசித் தேதி போய்விட்டது, அவ்வளவுதான். அடுத்த வருஷம் நீ பிறந்தாய். இன்றைக்கு எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கடையில் நம்மைப் பார்த்து அக்கா தங்கச்சியா என்று கேட்கிறார்கள். ஆனால் அந்த விஷயத்தைப் பற்றி யோசித்தால் கிழவி மாதிரி அசந்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முடிவு எடுக்கும்போது என்னைக் கணக்கில் சேர்க்காதே. நீ கோயம்புத்தூர் போனால் தினமும் உன் முழங்காலை நினைத்துப் பயப்படுவேன். போகாமல் இங்கேயே இருந்தால், என் முகத்தைப் பார்த்துத்தான் இருந்துவிட்டாளோ என்று அதற்குப் பயப்படுவேன். எப்படியும் பயப்படப் போகிறவளுக்காக நீ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அப்பாவுக்காகவும் வேண்டாம். அவருக்கு வருத்தம் இருக்கும், இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு இல்லை, காரம் இல்லை என்பார், தெருவில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத் திணறுவார். அவரிடம் பேசுவது என் பொறுப்பு. காற்றை யார் இறக்கியது என்பதை உன்னைக் கேட்காமல் அவரிடம் சொல்ல மாட்டேன்.

பம்பை இனிமேல் நான் எடுக்கப் போவதில்லை. நீ வந்ததும் இதைப் படி. படித்துவிட்டுக் கண்ணீர் விட வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம், எனக்கு அதற்கெல்லாம் இன்றைக்குச் சக்தி இல்லை. நான் உள் அறையில் படுத்திருப்பேன், தூங்க மாட்டேன். வந்து கட்டிலில் உட்கார்ந்து, போறேன், வேணாம், பயமா இருக்கு, தெரியல, இதில் எதையாவது ஒன்றை வாயைத் திறந்து சொல். எதைச் சொன்னாலும் எழுந்து உட்கார்ந்து கேட்பேன். அப்பாவுக்கு இன்றைக்கு முதல் ஷிஃப்ட், சாயங்காலம் வந்துவிடுவார். பஸ் இறங்கி வந்து அவர் கீழே கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டுவிட்டால் நீயும் சிரித்த முகமாகிவிடுவாய், நானும் டீ போடப் போய்விடுவேன். அதற்கு முன்னால் வா.

அம்மா